உச்சரிப்புக்கு ஐந்து மதிப்பெண்

ஸ்ட்ராத்ஃபீல்ட், சிட்னி
5 ஜூன் 2025

யாமினிக்கு,

என் நம்பரை நீ தடுத்து வைத்திருக்கிறாய் என்பது மூன்று நாள் போன் எடுத்துப் பார்த்த பிறகுதான் விளங்கியது. பல்கலைக்கழக மின்னஞ்சலில் எழுதவும் பயம். வினுஷாவின் மேல்முறையீடு தொடங்கினால் நானும் நீயும் எழுதியதையெல்லாம் வரி வரியாக எடுத்துப் பார்ப்பார்கள். அதனால் போஸ்ட் ஒபிசில் வரிசையில் நின்று முத்திரை வாங்கி வந்து இதை எழுதுகிறேன். கடைசியாக எப்போது கையால் தமிழ் எழுதினேன் என்று ஞாபகம் இல்லை. எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

என் மாணவி வினுஷாவைப் பற்றி நீ எழுதிய அறிக்கை என் மேசையில் இருக்கிறது. "இவருடைய பேச்சு ஆங்கிலம் மாணவர்களுக்கு முன்மாதிரியாக இருக்கும் தரத்தில் இல்லை. வகுப்பின் கவனம் பாடத்திட்டத்தை விட்டு விலகியது." முடிவு, தேறவில்லை. கீழே உன் கையெழுத்து. மெல்பேர்னில் நாங்கள் இரண்டு பேரும் ஆசிரியப் பயிற்சி முடித்த வருடத்தில், ஒரே வீட்டில் ஒரே குசினியில் சமைத்துச் சாப்பிட்ட காலத்தில், வீட்டு வாடகைப் பத்திரத்தில் என் பெயருக்குக் கீழே போட்ட அதே கையெழுத்து.

நான் இங்கே என்ன படிப்பிக்கிறேன் என்று உனக்கு வடிவாகத் தெரியும். நாளைக்கு ஆங்கில ஆசிரியர்களாகப் போகிறவர்களுக்கு, நிறத்தையும் பெயரையும் பேச்சையும் வைத்துப் பள்ளிக்கூடத்தில் நடக்கிற அநியாயத்தைக் கண்டுபிடிக்கவும் திருத்தவும் பழக்குகிறேன். மெல்பேர்னில், உன் வெரிபீயில் இருந்தபடி இணையத்தில் அந்த வகுப்பைப் படிக்கிற வினுஷாவுக்கு ஐந்து வாரப் பயிற்சிக்குப் பள்ளிக்கூடம் தேடியபோது உன் பெயரைச் சொன்னது நான்தான். "பயப்படாதை, அங்கை என்ரை சிநேகிதி இருக்கிறா, அவ பார்த்துக்கொள்ளுவா" என்று சொல்லி அனுப்பினேன். நீ பார்த்துக்கொண்ட விதம் இதுதான் போல.

அவள் பதினைந்து வயதில் தகப்பனோடு படகில் வந்தவள். பத்து வருடத்துக்கு மேல் தற்காலிக விசா. முதியோர் இல்லத்தில் வேலை செய்துகொண்டே ஒரு பட்டம் முடித்து, இப்போது நிரந்தர விசாவும் கிடைத்து, கடைசிப் படிக்கு வந்திருக்கிறாள். போன வருடம் தகப்பனுடைய ஆபரேஷனுக்காக இதே பயிற்சியை நடுவில் விட்டவள். இது இரண்டாவது தடவை. இதிலும் தேறவில்லை என்றால் படிப்பிலிருந்தே நீக்கிவிடுவார்கள். மூன்றாவது தடவை கிடையாது.

மேல்முறையீட்டுக்கு ஜூலை நாலாம் தேதி மாலை நாலு மணி வரை நேரம். நான் அவளுடைய விரிவுரையாளர் என்பதால் அதை விசாரிக்கும் குழுவில் எனக்கு வாக்கு இல்லை. நீ எழுதியதை நீதான் திருத்த முடியும். திருத்து.

கௌசிகா

---

வெரிபீ
12 ஜூன் 2025

கௌசி,

உன் கடிதம் நேற்று வந்தது. இது ரிப்போர்ட் எழுதும் வாரம். ஐந்து வகுப்பு, வகுப்புக்கு இருபத்தாறு பிள்ளைகள், ஒவ்வொருத்தருக்கும் நான்கு வரி. எழுதி எழுதி எனக்கு எல்லாப் பிள்ளைகளும் ஒரே பிள்ளையாகத் தெரிகிறார்கள். அதற்கு நடுவே உன்னுடைய விசாரணை வேறு.

நம்பரைத் தடுத்தது உண்மை. நீ போனில் கத்துவாய், நான் அழுவேன், பிறகு நீ எனக்கு ஆறுதல் சொல்வாய். அதற்கெல்லாம் இப்போது தெம்பு இல்லை.

வினுஷா கெட்டிக்காரி, யார் இல்லை என்றார்கள். ஆனால் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் எப்படிப்பட்டவர்கள் என்று நீ மறந்துவிட்டாய். அவள் வாயைத் திறந்தால் பின் வரிசையில் அதே மாதிரி பேசிக் காட்டுகிறார்கள். எனக்கும் அப்படித்தான் நடந்தது. என் முதல் வருஷத்தில் எனக்குப் பொறுப்பாக இருந்த அம்மாள் தினமும் பத்து நிமிஷம் கண்ணாடி முன்னால் நின்று பேசிப் பழகச் சொன்னாள். திருச்சியில் கான்வென்டில் படித்து இங்கிலீஷில் மெடல் வாங்கியவள் நான். ஆனாலும் நின்றேன். அதனால்தான் இன்றைக்கு வரை தாக்குப் பிடிக்கிறேன். வினுஷாவும் ஒரு வருஷம் பேச்சுப் பயிற்சி எடுத்துக்கொண்டு வந்தால் யாரும் அவளைத் தொட முடியாது என்று நினைத்தேன். நல்லதுக்குத்தான் எழுதினேன். படிப்பிலிருந்தே நீக்குவார்கள் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை.

இன்னொன்று. அவள் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் திட்டத்தில் இல்லாத பாடம் ஒன்று நடத்தினாள். ஒரு அப்பா புகார் கொடுத்தார். துணைத் தலைமையாசிரியர் என்னைக் கூப்பிட்டுவிட்டார். அடுத்த மாதம் இங்கிலீஷ் துறைத் தலைவர் வேலைக்கு எனக்கு இன்டர்வியூ. அந்த நேரம் பார்த்து இது.

நீ மூன்றே வருஷத்தில் பள்ளியை விட்டுவிட்டுப் பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டாய். அங்கே நியாயம் பேசலாம், மார்க் கிடைக்கும். இங்கே பேசினால் என்ன கிடைக்கும் என்று நான் அனுபவித்துக்கொண்டிருக்கிறேன். எனக்குக் களைப்பாக இருக்கிறது. சொன்னால் நம்பு.

யாமினி

---

ஸ்ட்ராத்ஃபீல்ட்
17 ஜூன் 2025

யாமினி,

களைப்பு உனக்கு மட்டும்தானா. ஒவ்வொரு பருவமும் என் வகுப்பில் இரண்டு பேர் கையை உயர்த்தி, "இதெல்லாம் ஆங்கிலப் பாடத்துக்கு எதுக்கு?" என்று கேட்பார்கள். நான் ஒவ்வொரு முறையும் புதிதாகக் கேட்பதுபோலப் பதில் சொல்வேன். துறைக் கூட்டத்தில் இந்த வகுப்பை நிறுத்த வழி தேடுகிறார்கள். எட்டு வருடமாக அதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். நான் ஓடிப்போனவள் என்று நீ சொன்னது சுட்டது. பொய் என்று சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை. அதை விடு.

நல்லதுக்குத்தான் எழுதினேன் என்கிறாயே. உன்னை அந்த அம்மாள் கண்ணாடிக்கு முன்னால் நிற்க வைத்தபோது நீ குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாய். வெளியில் நின்றது நான். அவளும் உன் நல்லதுக்குத்தான் சொன்னாள்.

வினுஷாவை நேற்றுக் கூப்பிட்டேன். அந்தப் பாடத்தில் என்ன நடந்தது என்று கேட்டால், "பரவாயில்லை அக்கா, விடுங்கோ" என்கிறாள். மூன்று தரம் கேட்டும் அதுதான் பதில். அழவும் இல்லை, கோபப்படவும் இல்லை. எனக்குப் பயமாக இருக்கிறது. முதியோர் இல்லத்தில் இரவு வேலை திரும்பக் கேட்டிருக்கிறாளாம்.

நீ பின்னால் ஒரு கதிரையில் இருந்து முழுப் பாடத்தையும் பார்த்தாய். எனக்கு உன் காரணங்கள் வேண்டாம். அன்றைக்கு என்ன நடந்தது, பாடம் எப்படி இருந்தது, அதை மட்டும் எழுது.

கௌசிகா

---

வெரிபீ
23 ஜூன் 2025

கௌசி,

கேட்டாய், எழுதுகிறேன். மூன்று நாளாக எழுதிக் கிழித்து, இது நாலாவது தாள்.

ஒன்பதாம் வகுப்பில் பேச்சுத் தேர்வு வருகிறது. அதற்கு மார்க் போட ஒரு அட்டவணை உண்டு. அதில் நாலாவது வரி "தெளிவான உச்சரிப்பு", ஐந்து மதிப்பெண். வினுஷா அந்த ஒரு வரியை மட்டும் போர்டில் எழுதினாள். பிறகு மூன்று குரல்களைப் போட்டுக் காட்டினாள். மூன்று பேரும் ஆளுக்கு ஒரு வேலையை எப்படிச் செய்வது என்று விளக்குகிறார்கள். முதலாவது டிவி செய்தி வாசிக்கிற பெண், காட்டுத்தீ வந்தால் வீட்டை எப்படித் தயார் செய்வது என்று. இரண்டாவது சூடானில் இருந்து வந்த நர்ஸ், இன்சுலின் ஊசி போடுவது எப்படி என்று. மூன்றாவது ஒரு ஆள், கோழித் தொழிற்சாலையில் வெட்டுகிற மிஷினைக் கை போகாமல் எப்படிக் கழுவுவது என்று. பிள்ளைகள் மார்க் போட்டார்கள். செய்தி வாசிப்பவளுக்கு ஐந்து. நர்ஸுக்கு மூன்று. மிஷின்காரருக்கு ஒன்று. ஹரிப்பிரியா என்று ஒரு பெண், அவர் பேசுகிற மாதிரியே பேசிக் காட்டினாள். வகுப்பே சிரித்தது.

வினுஷா சிரிப்பு அடங்கும் வரை நின்றாள். பிறகு மூன்று பேர் சொன்னதையும் டைப் செய்த தாள்களைக் கொடுத்தாள், பெயர் இல்லாமல். "யார் சொன்னதை நம்பி நீங்கள் அந்த வேலையில் இறங்குவீர்கள்?" என்று கேட்டாள். எல்லோரும் மிஷின்காரரைத்தான் சொன்னார்கள். அவர்தான் வரிசையாகச் சொல்கிறார், ஏன் என்று சொல்கிறார், எந்த இடத்தில் விரல் போகும் என்று சொல்கிறார் என்றார்கள். "அவருக்குத்தான் ஒன்று போட்டீர்கள். அவர் என் அப்பா" என்றாள். அவ்வளவுதான். குரலை உயர்த்தவில்லை.

ஹரிப்பிரியா மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். வினுஷா அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்து, "உன்னை அழ வைக்க இதைச் செய்யவில்லை. இந்த வரியை எப்படி மாற்றி எழுதலாம், நீ சொல்லு" என்று கேட்டாள். வகுப்பு முழுதும் சேர்ந்து மாற்றி எழுதியது. "கேட்பவர் செய்து பார்க்கும் அளவுக்கு விளக்குதல்" என்று முடித்தார்கள். மணி அடித்த பிறகும் நாலு பேர் எழுந்திருக்கவில்லை. வெள்ளிக்கிழமை கடைசி பீரியட், கௌசி. அந்த நேரத்தில் என் வகுப்பில் பிள்ளைகள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டுதான் உட்கார்ந்திருப்பார்கள். இப்படி ஒரு வகுப்பை நான் ஒரு நாளும் எடுத்ததில்லை. பொறாமையாக இருந்தது. அதையும் எழுதிவிடுகிறேன்.

புகார் கொடுத்தது ஹரிப்பிரியாவின் அப்பா கல்யாணசுந்தரம். நம்ம ஊர்க்காரர், ஐ.டி.யில் இருக்கிறார், பொங்கல் விழாவில் பார்த்திருக்கிறேன். மகளைச் சனிக்கிழமை தோறும் கிளென் வேவர்லி வரை பேச்சுப் பயிற்சிக்குக் கூட்டிக்கொண்டு போகிறவர். துணைத் தலைமையாசிரியர் முன்னால் உட்கார்ந்து கொஞ்ச நேரம் இங்கிலீஷில் பேசினார். பிறகு என் பக்கம் திரும்பி, சிரித்த முகமாகத் தமிழில் சொன்னார்: "ஏங்க, நம்ம பிள்ளைங்க நல்ல இங்கிலீஷ் பேசணும்னுதானே இவ்வளவு தூரம் வந்தோம். போட்ல வந்தவங்கள எல்லாம் இங்கிலீஷ் டீச்சராப் போட்டா எப்படிங்க?"

துணைத் தலைமையாசிரியர் என்னிடம், "அவர் என்ன சொல்கிறார்?" என்று கேட்டார்.

"பாடத்திட்டத்தை விட்டு வகுப்பு விலகிவிட்டது என்று கவலைப்படுகிறார்" என்று சொன்னேன்.

அதை அவர் குறித்துக்கொண்டார். மறுநாள் அந்த வாக்கியத்தை என் ரிப்போர்ட்டில் சேர்க்கச் சொன்னார். நானே கொடுத்த வாக்கியம், நானே எழுதினேன். ஏன் அப்படி மாற்றிச் சொன்னேன் என்று கேட்காதே. எனக்கு வெட்கமாக இருந்தது. நம்ம ஆள் ஒருத்தர் இப்படிப் பேசினார் என்று ஒரு வெள்ளைக்காரரிடம் சொல்ல வாய் வரவில்லை. அவருடைய மானத்தைக் காப்பாற்றினேன். அவள் மாட்டிக்கொண்டாள்.

இத்துடன் ஒரு தாள் வைத்திருக்கிறேன். குழுவுக்கு நான் எழுதிய விளக்கம், இங்கிலீஷில், கையெழுத்துப் போட்டு. ரிப்போர்ட்டில் எழுதியது தவறு, பாடம் இப்படி நடந்தது, அப்பா இப்படிச் சொன்னார், நான் இப்படி மாற்றிச் சொன்னேன், எல்லாம் இருக்கிறது. மூன்றாவது பத்தியைப் பார். பொறுப்பாசிரியரான என்னிடம் முன்கூட்டிச் சொல்லாமல் இந்தப் பாடத்தை நடத்தச் சொன்னது நீதான் என்று எழுதியிருக்கிறேன். "சொன்னால் தடுப்பினம், நடத்திப் போட்டுச் சொல்லுங்கோ எண்டு கௌசிகா அக்கா வகுப்பிலை சொன்னவ" என்று வினுஷா என்னிடம் கார் நிறுத்துமிடத்தில் சொன்னாள். ஸ்டாஃப் ரூமில் தமிழ் பேசாதே என்று நான் சொல்லி வைத்திருந்ததால் எங்கள் பேச்செல்லாம் கார் நிறுத்துமிடத்தில்தான்.

உள்ளதைச் சொல்வதென்றால் முழுவதும் சொல்கிறேன். அவள் மறைத்தாள் என்ற பழியும் அவள் மேல் இருக்கிறது. குழுவுக்கு நீயே கொடுத்துவிடு.

யாமினி

---

ஸ்ட்ராத்ஃபீல்ட்
27 ஜூன் 2025

யாமினி,

உன் கடிதத்தை நேற்றே வாசித்துவிட்டேன். வினுஷாவின் தகப்பனுடைய குரலுக்கு ஒன்று போட்ட இடத்தில் நிறுத்தி, எழும்பிப் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து மிச்சத்தை வாசித்தேன். கல்யாணசுந்தரம் சொன்னதை நீ எழுதியிருக்கத் தேவையில்லை, எழுதியிருக்கிறாய். அதற்கு எவ்வளவு மனம் வேண்டும் என்று எனக்குத் தெரியும்.

இப்போது நான் கேட்கப்போவதற்கு என்ன பெயர் என்று எனக்கே தெரியவில்லை.

மூன்றாவது பத்தி. நான் அப்படிச் சொன்னது உண்மைதான். இணைய வகுப்பில் சொன்னேன், பதிவு செய்வதை நிறுத்திவிட்டுச் சொன்னேன். பயிற்சிக்குப் போகிற ஆசிரியர் எந்தப் பாடம் நடத்தினாலும் பொறுப்பாசிரியரின் அனுமதி வேண்டும் என்பது எங்கள் சட்டம். அதை மீறச் சொன்னது நான் என்று தெரிந்தால் அந்த வகுப்பை நிறுத்த அவர்களுக்கு வேறு காரணம் வேண்டியதில்லை. வருடத்துக்கு எண்பது பேர், யாமினி. எண்பது பேர் வெள்ளையும் கறுப்புமாகப் பள்ளிக்கூடங்களுக்குப் போகிறார்கள். நான் போனால் அவர்களுக்கு இதை யார் சொல்வது. ஒருத்திக்காக எண்பது பேரை விடுவதா என்று யோசித்துப் பார்த்தேன். உன் தாளில் மிச்சம் எல்லாமே வினுஷாவைக் காப்பாற்றப் போதும் என்று நினைக்கிறேன்.

அந்தப் பத்தி இல்லாமல் இன்னொரு தாள் எழுதி அனுப்புவாயா. இதை எக்ஸ்பிரஸில் போடுகிறேன். நீயும் அப்படியே போட்டால் புதன்கிழமைக்குள் வந்துவிடும்.

கௌசி

---

வெரிபீ
30 ஜூன் 2025

கௌசி,

எழுதிவிட்டேன். மூன்றாவது பத்தி இல்லை. எனக்கு இது பழகிய வேலைதானே, பத்து நிமிஷம்கூட ஆகவில்லை.

இரண்டு தாளும் இப்போது உன்னிடம் இருக்கின்றன. இரண்டிலும் என் கையெழுத்து இருக்கிறது. எதைக் கொடுப்பாய் என்று நான் கேட்க மாட்டேன். உன்னைத் திட்டி நாலு வரி எழுதினேன், பிறகு அடித்துவிட்டேன். திட்டுகிற யோக்கியதை எனக்கு இல்லை.

இங்கே ஒரே குளிர். பாதி ஸ்டாஃபுக்குக் காய்ச்சல், அவர்களுக்கும் சேர்த்து நான் வகுப்பு எடுக்கிறேன். வெள்ளிக்கிழமை எப்படியாவது வந்து போனால் போதும்.

யாமினி

---

ஸ்ட்ராத்ஃபீல்ட்
5 ஜூலை 2025

யாமினி,

நேற்று மூன்று ஐம்பதுக்குக் கொடுத்தேன். முதலாவது தாளைத்தான் கொடுத்தேன். இரண்டாவதை இத்துடன் திருப்பி அனுப்புகிறேன், நீயே கிழித்துப் போடு.

என்னைப் பெரிய ஆள் என்று நினைத்துவிடாதே. புதன்கிழமையே உன் இரண்டாவது தாளை உறையில் போட்டு ஒட்டி வைத்துவிட்டேன். வெள்ளிக்கிழமை காலை வினுஷாவின் மேல்முறையீட்டுக் கடிதத்தின் நகல் எனக்கு வந்தது. ஏன் பொறுப்பாசிரியரிடம் சொல்லாமல் பாடம் நடத்தினீர் என்ற கேள்விக்கு அவள் பதில் எழுதியிருக்கிறாள்: "எனக்குப் பயமாக இருந்தது. அதனால் சொல்லவில்லை. இதில் என் விரிவுரையாளருக்கு எந்தத் தொடர்பும் இல்லை."

என்னைக் காப்பாற்றப் பொய் எழுதியிருக்கிறாள். நான் கேட்கவில்லை, சாடைகூடக் காட்டவில்லை. உன்னுடைய இரண்டாவது தாளும் அவளுடைய அந்தப் பதிலும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால், பயந்து மறைத்தவள் என்று அவளைத்தான் எழுதுவார்கள். எண்பது பேர் எண்பது பேர் என்று உனக்கு எழுதினேன். அந்த எண்பது பேரில் ஒருத்தியைத்தான் நான் இப்படி ஆக்கி வைத்திருக்கிறேன். கதவைச் சாத்திவிட்டு மேசையில் தலை வைத்துக்கொண்டு இருந்தேன். பிறகு உறையைக் கிழித்தேன்.

குழுவுக்கு நானும் ஒரு கடிதம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். நான் சொன்னதைச் சொன்னேன் என்று.

கௌசிகா

---

வெரிபீ
4 ஆகஸ்ட் 2025

கௌசி,

வினுஷா தேறிவிட்டாள் என்று உனக்குத் தெரிந்திருக்கும். எனக்கு அவளே வந்து சொன்னாள். பாடக் கோப்புகளை எடுத்துப் போக வந்தவள், ஸ்டாஃப் ரூமில் எல்லோரும் இருக்கும்போது சத்தமாக "யாமினி அக்கா" என்று கூப்பிட்டாள். நானும் தமிழிலேயே, "வாம்மா, உட்காரு" என்றேன். இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். அதற்கு மேல் ஒன்றும் நடக்கவில்லை. இதற்குத்தான் இத்தனை வருஷம் பயந்தேனா என்று எனக்கே அசிங்கமாகப் போய்விட்டது.

அவள் எனக்கு நன்றி சொல்லவில்லை, சொல்லவும் வேண்டாம். "நீங்கள் எழுதினதை வாசிச்சனான் அக்கா. முதல் எழுதினதையும் பிறகு எழுதினதையும்" என்றாள். நான் மன்னிப்புக் கேட்டேன். "ஓம்" என்றாள். அந்த "ஓம்" மன்னித்தேன் என்பதா, கேட்டது காதில் விழுந்தது என்பதா என்று எனக்குத் தெரியவில்லை, கேட்கவும் தைரியம் இல்லை.

துறைத் தலைவர் வேலை இரண்டு வருஷத்துக்கு முன்னால் வந்த ஒருவருக்குப் போய்விட்டது. இனிமேல் பயிற்சி ஆசிரியர்கள் யாரையும் என்னிடம் அனுப்பப்போவதில்லை என்று துணைத் தலைமையாசிரியர் சொல்லிவிட்டார், எனக்கு ஓய்வு வேண்டுமாம். கடையில் என்னைப் பார்த்தால் கல்யாணசுந்தரம் அரிசி மூட்டைப் பக்கம் திரும்பிக்கொள்கிறார். ஹரிப்பிரியா மட்டும் பேச்சுத் தேர்வில் அவள் பாட்டி பேசுகிற இங்கிலீஷைப் பற்றிப் பேசினாள். கேலி இல்லை. நன்றாகவே பேசினாள்.

உன் நம்பரைத் திறந்துவிட்டேன். ஆனாலும் கூப்பிடாதே, கொஞ்ச நாள் போகட்டும். தாளில் என்றால் நம்மால் சண்டை போட்டுவிட்டு அடித்துவிட முடிகிறது. உன் வகுப்பு என்ன ஆயிற்று?

யாமினி

---

ஸ்ட்ராத்ஃபீல்ட்
25 பெப்ரவரி 2026

யாமினி,

ஆறு மாதமாகப் பதில் எழுதவில்லை. எழுத ஒன்றும் இல்லாமல் இல்லை. களைப்புத்தான்.

வகுப்பை நிறுத்தவில்லை, என்னிடமிருந்து எடுத்துவிட்டார்கள். பெயரை மாற்றி, ஆறு வாரப் பாடத்தை இரண்டு கிழமையாக்கி, வேறொருவர் எடுக்கிறார். எனக்குக் கட்டுரை எழுதும் முறையைப் படிப்பிக்கத் தந்திருக்கிறார்கள். முன்னுரை, உடல், முடிவுரை. மாணவர்கள் சந்தோஷமாக இருக்கிறார்கள், ஒருவரும் கையை உயர்த்தி எதுக்கு என்று கேட்பதில்லை. வீட்டுக்கு நேரத்தோடு வருகிறேன். வந்து என்ன செய்வதென்று தெரியாமல் இருக்கிறேன்.

இதை எக்ஸ்பிரஸில் அனுப்புவதற்குக் காரணம் இருக்கிறது. வினுஷா நேற்று மாலை கூப்பிட்டாள். உன் பள்ளிக்கூடத்திலிருந்து பத்து நிமிடத் தூரத்தில் வேலைக்குச் சேர்ந்து ஒரு மாதம் ஆகிறது. ஒரு வருட ஒப்பந்தம். ஏழாம் வகுப்பில் ஆங்கிலம் பலவீனமான பிள்ளைகள் என்று பதினொரு பேரைப் பிரித்து அவளிடம் தந்திருக்கிறார்கள். அதில் நாலு பேர் இங்கேயே பிறந்தவர்கள், ஆங்கிலத்தைத் தவிர வேறொன்றும் பேசத் தெரியாதவர்களாம். ஒரு பெண் அவள் தருகிற புத்தகத்தை அரை மணித்தியாலத்தில் முடித்துவிட்டு அடுத்ததைக் கேட்கிறாளாம். எப்படிப் பிரித்தீர்கள் என்று அலுவலகத்தில் விசாரித்திருக்கிறாள். சோதனை ஒன்றும் வைக்கவில்லை, பெயர்ப் பட்டியலைப் பார்த்துப் பிரித்திருக்கிறார்கள்.

"என்ன செய்யலாம் அக்கா?" என்று கேட்டாள்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா. "இது உனக்கு முதல் வருஷம், பிள்ளை. கொஞ்சம் பொறு. ஒப்பந்தத்தை நிரந்தரமாக்கட்டும், பிறகு பார்த்துக் கதைக்கலாம்" என்றேன். எட்டு வருடம் எண்பது எண்பது பேராக நிறுத்தி வைத்து இதற்கு நேர்மாறாகச் சொல்லிக்கொடுத்தவள் நான். அவளை இன்னொரு தரம் மேல்முறையீட்டுக்கு முன்னால் பார்க்க எனக்குத் தெம்பில்லை, அதனால் சொன்னேன். நீ அன்றைக்கு ஏன் அப்படி எழுதினாய் என்று எனக்கு முழுதாக விளங்கியது நேற்றுத்தான். அதற்காக உன்னிடம் நான் மன்னிப்புக் கேட்கவேண்டும். கேட்கிறேன்.

நான் சொன்னதை அவள் முழுதாகக் கேட்டாள். பிறகு, "திங்கட்கிழமை ஸ்டாஃப் மீட்டிங்கிலை சொல்லிப்போட்டன் அக்கா. நான் கேட்டது, இனி என்ன செய்யலாம் எண்டு" என்றாள்.

வருகிற புதன்கிழமை மூன்றரை மணிக்குத் தலைமையாசிரியர் அவளை விளக்கம் கேட்கக் கூப்பிட்டிருக்கிறார். துணைக்கு ஒருவரைக் கூட்டிக்கொண்டு வரலாம் என்று கடிதத்தில் இருக்கிறதாம். நான் உடனே சிட்னியிலிருந்து பிளேன் எடுத்து வருகிறேன் என்றேன். வேண்டாம் என்றாள். அப்போ ஆரைக் கூட்டிக்கொண்டு போகப் போறாய் என்று கேட்டேன்.

உன் பெயரைச் சொன்னாள்.

ஏன் என்று கேட்டேன். "அவவுக்கு அந்த அறைக்குள்ளை என்ன கதைப்பினம் எண்டு தெரியும் அக்கா. சொன்னதை மாத்திச் சொன்னா உடனை பிடிப்பா" என்றாள். எனக்கு வலித்தது, ஆனால் அவள் சொன்னது சரி. இரண்டொரு நாளில் அவளே உன்னைக் கூப்பிடுவாள். வேலை இருக்கிறது, காய்ச்சல் என்று ஏதாவது சொல்லத் தோன்றும் உனக்கு, எனக்குத் தெரியும். புதன்கிழமை, மூன்றரை மணி. போ, யாமினி.

கௌசி